ரிஜெக்ட் ஆன முதல் லாட்

திருப்பூர்க்காரர் கையில் ஒரு பனியனைக் கொடுத்தால் அவர் முதலில் அதை உள்பக்கம் திருப்புவார். ஓவர்லாக் ஒழுங்காக ஓடியிருக்கிறதா, கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருக்கிறதா, பிரிண்ட் மை பின்புறம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பக்கப் படம் அவர் கண்ணில் படும். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் முதல் பருவ டிவிடி தொகுப்பை நான் அப்படித்தான் பார்த்து முடித்தேன். மூன்று வட்டுகள், பதின்மூன்று கதைகள். 2001 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. பல ஆண்டுகள் கழித்து, திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்தும் ஒரு நண்பரின் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வட்டு இருக்கிறது.

இந்தப் பண்டம் இங்கே வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. கதையை எழுதியது ஓர் ஊர், படத்தை வரைந்து முடித்தது வேறோர் ஊர், பெயர் வாங்கியது முதல் ஊர். இந்த ஏற்பாடு திருப்பூருக்குப் புதிதில்லை. இங்கே இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர்.

மேட் க்ரோனிங் என்ற ஓவியர் உருவாக்கிய இந்தக் குடும்பம், 1987 ஏப்ரலில் ‘ட்ரேசி உல்மன் ஷோ’ நிகழ்ச்சிக்கு நடுவே ஒரு நிமிடம் இரண்டு நிமிடத் துணுக்குகளாக முதலில் திரைக்கு வந்தது. ஹோமர் என்ற அப்பன், மார்ஜ் என்ற அம்மா, பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி. தோலெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளை முடிவு செய்தவர் க்ரோனிங் அல்லர்; கிளாஸ்கி சூப்போ ஸ்டுடியோவில் வண்ணம் பார்த்த ஜியோர்ஜி பெலூஸ் என்ற பெண்மணி. பார்ட், லிசா, மேகி மூவருக்கும் தலைமுடி எங்கே தொடங்குகிறது, நெற்றி எங்கே முடிகிறது என்று பிரிக்கக் கோடே கிடையாது. முடிக்கும் தோலுக்கும் சேர்த்துப் பொருந்துகிற ஒரே நிறம் வேண்டியிருந்தது, அவர் மஞ்சளைப் பிடித்தார். உலகமே இந்தத் தொடரை அடையாளம் கண்டுகொள்வது அந்த ஒரு நிறத்தால்தான். அவர் பெயரோ மிகச் சிலருக்கே தெரியும்.

நிறம் பார்க்கிறவரின் வேலை என்னவென்று என் நண்பருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கறுப்புத் துணியில் மஞ்சளை நேராக அடித்தால் அது பச்சை தட்டி மங்கிப்போகும். முதலில் வெள்ளை அடித்து, லேசாகக் காயவைத்து, அதன்மேல் மஞ்சளை ஏற்ற வேண்டும். பிளாஸ்டிசால் மை என்றால் 160 டிகிரி அளவில் சூடு கொடுத்துப் பதமாக்க வேண்டும். சூடு குறைந்தால் இரண்டாவது துவைப்பில் முகம் வெடித்து உதிரும். கார்ட்டூன் படத்துக்கு உரிமம் வாங்கிச் செய்கிற ஆர்டர் என்றால், ஸ்ட்ரைக் ஆஃப் எனப்படும் மாதிரி அச்சு முதலில் பையருக்குப் போய், அவரிடமிருந்து படத்தின் சொந்தக்காரரிடம் போய், ‘ஓகே’ என்று திரும்பி வந்தால்தான் டேபிளில் துணி ஏறும். “மூக்கு ஒரு மில்லி தள்ளிப் போயிருந்தாலும் திருப்பி விட்டுருவாங்க பாருங்க” என்றார் அவர். வட்டைப் போட்டுவிட்டு முதல் ஐந்து நிமிடம் அவர் கதையைக் கவனிக்கவே இல்லை. கோடு எங்கே தடித்திருக்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்த கோடுகள் சியோலில் போட்டவை. லாஸ் ஏஞ்சல்ஸில் வசனம் எழுதி, குரல் பதிந்து, ஒவ்வொரு காட்சிக்கும் முக்கிய நிலைகளை வரைந்து, எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்று தாளில் குறித்து, எல்லாவற்றையும் கட்டித் தென்கொரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அகோம் என்ற ஸ்டுடியோ. 1985-இல் நெல்சன் ஷின் தொடங்கியது. அவர் அமெரிக்காவில் பல ஆண்டுகள் வரைந்தவர், 1986-இல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கார்ட்டூன் திரைப்படத்தின் இயக்குநர். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே வரவேண்டிய அத்தனை படங்களையும் அகோம் ஓவியர்கள் வரைந்தார்கள். செல் எனப்படும் கண்ணாடித் தாளில் பிரதி எடுத்து, பின்பக்கமாக வண்ணம் பூசி, கேமராவின் கீழ் வைத்துப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். டிசைன் அங்கே, உழைப்பு இங்கே. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம் என்று ஒரே பனியன் ஊர் முழுக்கச் சுற்றிவருகிற திருப்பூரில் பிறந்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

இனி நான் சொல்லப்போவது இந்தத் தொகுப்பின் உயிரான பகுதி. 1989-இல் சியோலிலிருந்து முதல் கதை முடிந்து வந்தது. ‘சம் என்சான்டட் ஈவினிங்’ என்பது அதன் பெயர். பிள்ளை பார்த்துக்கொள்ள வந்த பெண் திருடி என்று தெரியவரும் கதை. திரையிட்டுப் பார்த்த தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் கொதித்துப்போனார். அவர்களுக்கு வேண்டியிருந்தது நிஜக் குடும்பம் வாழும் நிஜ வீடு. வந்ததிலோ கதவை அறைந்து சாத்தினால் கதவு ரப்பராக வளைந்தது. கதாபாத்திரங்களின் உடம்பு பழைய கார்ட்டூன் பாணியில் நெளிந்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று முடிவானது. அடுத்து வரும் கதையும் இப்படி இருந்தால் தொடரையே தொடங்குவதில்லை என்ற பேச்சும் எழுந்தது. அடுத்தது நன்றாக வந்தது, தொடர் பிழைத்தது. ஒளிபரப்பு தள்ளிப்போய், கிறிஸ்துமஸ் கதையோடு 1989 டிசம்பர் 17 அன்று தொடங்கியது. ரிஜெக்ட் ஆன கதை, சரிசெய்யப்பட்டுப் பருவத்தின் கடைசிக் கதையாக 1990 மே 13 அன்றுதான் வெளிவந்தது.

இதைச் சொன்னபோது நண்பர் உடனே கேட்டார்: “டெக் பேக் சரியா கொடுத்தாங்களாங்க?” ஆர்டரின் அளவும் வடிவமும் எழுதிய குறிப்புக்குத்தான் டெக் பேக் என்று பெயர். இந்தத் தொடரைப் பற்றி நான் படித்த எதிலும் இத்தனை கூர்மையான கேள்வி இல்லை. தவறு சியோல் ஓவியர்களின் கைத்திறனில் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. எந்தப் பாணி வேண்டும் என்பது லாஸ் ஏஞ்சல்ஸிலேயே அப்போது தீரவில்லை. அந்தக் கதையின் முதல் இயக்குநர் நெளிவான பாணியை விரும்பினார், தயாரிப்பாளர்கள் வேறொன்றை விரும்பினார்கள். பின்னால் டேவிட் சில்வர்மன் பொறுப்பேற்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அளவு தெளிவாக எழுதாத ஆர்டரில் சரக்கு மாறிவந்தால் யார் நஷ்டம் தாங்குவது என்ற வழக்கு திருப்பூரில் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் தாங்குவது கீழே இருப்பவர்.

ஆனால் ரிஜெக்ட் ஆன அந்த லாட்டுக்கு நேர்ந்த பின்கதை வேறு மாதிரி. இந்த டிவிடியின் கூடுதல் பகுதியில், ஒளிபரப்பாகாத அந்தப் பழைய காட்சிகளில் சில துண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அதன்மேல் படைப்பாளிகளே பேசும் விளக்கமும் ஓடுகிறது. காதர்பேட்டைக்குப் போனவர்களுக்கு இது புரியும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சந்தையில் ஏற்றுமதியில் கழிந்த சரக்கும் மிஞ்சிய சரக்கும் குவியல் குவியலாக விற்கும். செகண்ட்ஸ் என்றால் விலை பாதி, கால்வாசி. இங்கே செகண்ட்ஸ்தான் தொகுப்பின் சிறப்பு அம்சம், அட்டையில் போட்டு விற்றிருக்கிறார்கள். கெட்டுப்போன வேலையை மறைக்காமல், எது ஏன் கெட்டது என்று நல்ல வேலையின் பக்கத்திலேயே வைத்துக் காட்டியது இந்தத் தொகுப்பின் பெரிய நேர்மை என்று நினைக்கிறேன். தொழில் கற்கிற பையன்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கதைகளுக்கு வருகிறேன். பதின்மூன்றும் ஒரே தரத்தில் இல்லை. கோடுகள் தடுமாறும், பின்னணியில் கூட்டம் அசையாமல் நிற்கும், ஹோமரின் குரல்கூடப் பிற்பாடு நமக்குப் பழகிய குரல் இல்லை. ‘ஹோமர்ஸ் நைட் அவுட்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் கதையைப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எந்தக் குடும்பமும் தன் கதையாகப் பார்க்கும். பண்டிகைக்கு போனஸ் வரும் வரும் என்று ஹோமர் காத்திருக்கிறான். முதலாளி இல்லையென்று சொல்லிவிடுகிறார். வீட்டில் சேர்த்துவைத்த பணமோ, பார்ட் போட்டுக்கொண்ட பச்சையை அழிக்கவே கரைந்துவிட்டது. மனைவியிடம் சொல்ல வாய் வராமல், ஒரு வணிக வளாகத்தில் சாண்டா வேடம் போடப் போகிறான். கடைசியில் கூலிச் சீட்டு கைக்கு வருகிறது. மொத்தம் 120 டாலர். அதில் பயிற்சிக்குப் பிடித்தம், உடைக்குப் பிடித்தம், தாடி வாடகைக்குப் பிடித்தம், எல்லாம் போக 13 டாலர்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திருப்பூர் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களால் இந்தக் காட்சியில் வெறுமனே சிரித்துவிட்டுப் போக முடியாது. எத்தனை சதவீதம், எந்தச் சனிக்கிழமை, ஊருக்கு எந்தப் பஸ் என்பதுதான் அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சு முழுதும். போனஸ் வாங்கியபின்தான் பிள்ளைக்குத் துணி. நாளெல்லாம் துணி தைக்கிறவர் வீட்டில் அப்படி. வேலைக்குப் போகும் அப்பனின் அவமானத்தைக் கார்ட்டூனில் இத்தனை மெதுவாக, அவனைக் கேலிப்பொருள் ஆக்காமல் சொன்னது இந்தத் தொடரின் முதல் சாதனை. அன்று ஒளிபரப்பான முதல் கதையே இது என்பது அதன் அதிர்ஷ்டம்.

‘தி க்ரெப்ஸ் ஆஃப் ராத்’ கதையும் இங்கே வேறு கனத்தோடு விழுகிறது. மாணவர் பரிமாற்றம் என்ற பெயரில் பிரான்சுக்கு அனுப்பப்படும் பார்ட், ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருவரிடம் மாட்டிக்கொண்டு அடிமையைப் போல வேலை செய்கிறான். படிக்கப் போவதாகச் சொல்லிப் பிள்ளையை வேலைக்குக் கொண்டுபோவதும், தூர ஊரில் மொழி தெரியாமல் தவிப்பதும் மேற்குத் தமிழகத்துக்குத் தெரியாத கதை இல்லை. சுமங்கலித் திட்டம் என்று நூற்பாலைகளுக்கு அழைத்துவரப்பட்ட பெண் பிள்ளைகளின் கதையும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பார்ட் தனக்கே தெரியாமல் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருப்பதை உணர்ந்து போலீஸ்காரரிடம் முறையிட்டுத் தப்பிக்கிறான். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தமிழ் பழகிக்கொள்கிறவர்களுக்கும் மொழி இப்படித்தான் முதல் கவசம்.

லிசாவின் துயரத்தைச் சொல்லும் ‘மோனிங் லிசா’ அருமையானது. ‘லைஃப் ஆன் தி ஃபாஸ்ட் லேன்’ எம்மி விருது வாங்கியது, அதற்குத் தகுதியானதும்கூட. ‘தி டெல்டேல் ஹெட்’ கதையில்தான் கடைக்கார அப்பு முதன்முதலாக எட்டிப்பார்க்கிறார். ஓர் இந்தியரின் பேச்சை ஹேங்க் அசாரியா என்ற அமெரிக்க நடிகர் குரல்மாற்றிப் பேசினார். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இந்தியப் பிள்ளைகளைச் சீண்ட அந்தக் குரலே ஆயுதமானதை நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஆவணப்படமாக எடுத்துக் கேள்வி கேட்டார். 2020-இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அப்படிச் சீண்டப்பட்ட பிள்ளைகளின் வலியைத் தெரிந்துகொண்டபின் அந்தச் சில நொடிகளை முன்போல் பார்க்க முடிவதில்லை.

தொடர் தொடங்கி ஓராண்டுக்குள் பார்ட்டின் முகம் திரையைவிடத் துணியில்தான் அதிகம் தெரிந்தது. 1990-இல் அமெரிக்காவில் பார்ட் டி-ஷர்ட்டுக்கு அப்படி ஒரு மோகம். படிப்பில் மந்தம் என்று அவன் பெருமையடித்துக்கொள்ளும் வாசகம் போட்ட சட்டையைச் சில பள்ளிகள் தடையே செய்தன. அதே 1990-இல்தான் ஆ. சக்திவேலை நிறுவனத் தலைவராகக் கொண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி மும்பை வழியாக 1978-இல் இந்த ஊருக்கு வந்து அதற்குள் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. உள்நாட்டு பனியன் ஊர், உலகத்தின் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும் ஊராக மாறிக்கொண்டிருந்தது. கார்ட்டூன் முகங்கள் இந்த ஊரின் அச்சு டேபிள்களில் நிரந்தரமாகக் குடியேறியது அந்த மாற்றத்தோடுதான்.

இப்படித் தூர ஊரில் நடக்கும் உழைப்பை இந்தத் தொடரே ஒருமுறை திரைக்குக் கொண்டுவந்தது. 2010 அக்டோபர் 10 அன்று ஒளிபரப்பான ‘மணிபார்ட்’ என்ற கதையின் தொடக்கக் காட்சியை பிரிட்டிஷ் சுவரோவியர் பேங்க்ஸி எழுதிக் கொடுத்தார். வழக்கமான தொடக்கம் முடிந்ததும் கேமரா ஓர் இருண்ட ஆலைக்குள் இறங்குகிறது. வரிசை வரிசையாக உட்கார்ந்து வரைகிற ஆசியத் தொழிலாளர்கள். ஒவ்வொரு செல்லையும் நச்சுத் தொட்டியில் முக்கி எடுக்கும் ஒரு குழந்தை. கீழ்த்தளத்தில் பார்ட் பொம்மைக்குள் அடைக்கப் பூனைக்குட்டிகளை அரைக்கிறார்கள். நோயுற்ற ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பால் டிவிடிகளுக்கு நடுவே ஓட்டை போடுகிறார்கள். கடைசியில் முள்வேலி சூழ்ந்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் சின்னம்.

இந்தக் காட்சியையும் வரைந்து முடித்தது சியோலில் அகோம் ஓவியர்கள்தான். நெல்சன் ஷின் வெளிப்படையாகவே வருந்தினார். தம் ஸ்டுடியோ நவீனமானது, திறமைசாலிகள் வேலை செய்யும் இடம், இப்படிக் காட்டியது அவமதிப்பு என்பது அவர் வாதம். எனக்கு இதில் இரண்டு பக்கமும் உறுத்துகிறது. பேங்க்ஸியின் விரல் நீளும் திசை சரி. சின்னத்தைச் சுற்றி வேலி போட்டது அவர் செய்த சரியான காரியம், ஏனென்றால் விலையை முடிவு செய்வது அங்கேதான். திருப்பூரில் அந்தக் காட்சி மிகையென்று தள்ளவும் முடியாது. அது ஒளிபரப்பாகி நான்கு மாதம் ஆகுமுன், 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காகச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் இழந்த நிலத்தை எந்தக் கார்ட்டூனும் மிகைப்படுத்திவிட முடியாது. ஆனாலும் அந்த ஓவியர்களை எலும்பும் தோலுமான முகமற்ற கூட்டமாக வரைந்தது தவறு. சியோலில் இருந்தவர்கள் இருபது ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தைக் கையால் நடக்கவும் சிரிக்கவும் வைத்த கலைஞர்கள். பேட்லாக் மெஷினில் கண் எடுக்காமல் நேர்க்கோடு ஓட்டும் ஒரு டெய்லரை இரங்கத்தக்க நிழலாக வரைந்தால் அவருக்கு வரும் கோபம்தான் ஷின்னுக்கும் வந்தது. கூலியைப் பற்றிப் பேசுங்கள், எங்கள் கையை இளப்பமாகப் பேசாதீர்கள் என்பார் அவர்.

அந்தக் காட்சி இந்தத் தொகுப்பில் இல்லை. எந்தத் தொகுப்பிலும் இல்லை. இருபதாவது பருவத்துக்கு மேல் வந்த பருவங்கள் டிவிடியாக வெளிவரவே இல்லை. ‘மணிபார்ட்’ 22-ஆம் பருவம். டிவிடி எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்ட காட்சி டிவிடிக்குள் போகாமலே நின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்கு நேரான விடை இது: பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அழுத்தி, 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடுகள் எடுத்து, உலோகப் பூச்சுப் பூசி ஒட்டினால் 12 சென்டிமீட்டர் வட்டு. நடு ஓட்டை 15 மில்லிமீட்டர். இந்தத் தொழிலில் இந்தியாவும் ஒருகாலம் கொடிகட்டியது. நொய்டாவில் ஆலை நடத்திய மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று தமிழ்ப் படங்களை விற்றபோது திருட்டு சிடி வாங்கிய வீடுகள்கூட அசல் வட்டு வாங்கின. பெட்டிக்கடையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் படம் தொங்கியது. இணையம் வேகமெடுத்தது, 2018-இல் மோசர் பேயர் கலைப்புக்குப் போனது.

வட்டு செத்துவிட்டது என்று சொல்பவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2019 நவம்பரில் டிஸ்னியின் இணையத் திரை அமெரிக்காவில் தொடங்கியபோது, பழைய சிம்ப்ஸன்ஸ் கதைகளைப் புது டிவியின் அகலத்துக்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். சில நகைச்சுவைகள் சட்டத்துக்கு வெளியே போயே போயின. ரசிகர்கள் சண்டைபோட்டு, 2020 மே மாதத்தில்தான் பழைய திரை அளவு திரும்பியது. மூன்றாம் பருவத்தில் மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த கதையை 2019 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் ஒளிபரப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே அச்சான வட்டில் அது இருக்கிறது. எடுத்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். வீட்டு அலமாரியில் இருப்பதை யாரும் வெட்ட முடியாது என்பதற்காகவே இந்த மாதிரித் தொகுப்புகளைத் தூக்கிப்போட வேண்டாம் என்கிறேன்.

குறைகளும் உண்டு. படத் தெளிவு சுமார். பதின்மூன்று கதைக்கும் விளக்கவுரை இருக்கிறது, க்ரோனிங்கும் ப்ரூக்ஸும் மற்றவர்களும் சுவையாகவே பேசுகிறார்கள், ஆனால் சியோலிலிருந்து ஒரு குரலும் அதில் இல்லை. கதையின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அகோம் என்ற பெயர் சில நொடி வந்து போகும். பனியன் கழுத்தில் ‘மேட் இன் இந்தியா’ மட்டும்தான் இருக்கும், ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. அந்த அளவில் சியோலுக்குக் கொடுப்பினை கூடுதல்.

வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: அமெரிக்கப் பதிப்பு முதல் மண்டலத்துக்கு உரியது, இந்தியா ஐந்தாம் மண்டலம். எல்லா மண்டலத்து வட்டும் ஓடும் பிளேயராக இருக்க வேண்டும். கடைசி வட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் ‘சம் என்சான்டட் ஈவினிங்’, உடனே அதன் கழிந்த துண்டுகள், அடுத்து கிறிஸ்துமஸ் கதை. இந்த வரிசையில் பார்த்துவிட்டுத்தான் என் நண்பர், பட்டறையில் மை கலக்கும் பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் கதையைப் போடப்போவதில்லையாம். கழிந்த துண்டை மட்டும், நிறுத்தி நிறுத்தி.